வெள்ளைப் பூ வந்துவிட்டது, தேதி வரவில்லை

1

தென்காசி பக்கம் வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ஞாயிறுதோறும் வின்னிபெக்கில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கனடா அரசாங்கம் என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று விசாரிக்கிறார். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். இங்கே நான் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?"

"பரிசீலனையில் இருக்குன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"போன வாரமும் அதத்தானே போட்டிருந்தான்?"

"ஆமா."

"எழுத்து ஏதும் மாறலையா?"

"மாறலை."

"செரி, பைய பாக்கட்டும். அவசரத்துல பாத்தா தப்பாப் பாத்துருவான்."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவர் என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணாச்சி என்கிறார். நானும் அவரை அண்ணாச்சி என்கிறேன். எங்கள் பக்கத்து மரியாதை இது. இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர் எனக்கு உறவுக்காரர் இல்லை. ஆகப்போகிறவர். என் அக்கா உலகம்மாளின் மகள் சுபாவை அவருடைய மகன் முத்துவுக்கு நிச்சயம் செய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பையனிடமோ பெண்ணிடமோ எந்தக் கோளாறும் கிடையாது. கோளாறு என் கோப்பில். எனக்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை வந்தால்தான் அங்கே தாலி ஏறும் என்கிற நிலைமை எப்படி உண்டானது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தப் பங்குனி உத்திரத்தோடு அதற்கு ஓராண்டு நிறைந்தது. அன்று வின்னிபெக்கில் பனி பெய்தது. தென்காசியில் வெயில் தாங்கவில்லை என்று அக்கா சொன்னாள். இரண்டையும் பற்றிப் பேசிவிட்டு, பேச வேண்டியதைப் பேசாமல் வைத்துவிட்டோம்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் பதினான்கு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதும், யார், என்ன, எங்கே, எப்போது என்பவை முதல் பத்தியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் வேலை. மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை கிடைத்தது. அவள் பின்னால் வந்தேன். இப்போது பல்பொருள் அங்காடிகளின் தள்ளுபடித் துண்டுப் பிரசுரங்களை அச்சடிக்கும் நிறுவனத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். வெங்காயப் படத்துக்குக் கீழே உருளைக்கிழங்கு விலை வந்துவிடாமல் காப்பது என் பொறுப்பு. பத்திரிகையில் செய்ததைவிட இதில் மக்களுக்கு நேரடி நன்மை அதிகம் என்று சில நாட்களில் தோன்றும்.

எங்கள் வேலை அனுமதியின் காலம் முடிந்துவிட்டது. அதன் நீட்டிப்பும் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பமும் நிலுவையில் இருக்கின்றன. இந்த நிலையில் உள்ளே இருக்கலாம், வேலை பார்க்கலாம். வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம், சாவி அதற்குப் பிறகும் இந்த வீட்டுக் கதவைத் திறக்குமா என்பது தெரியாது.

இதை அக்காவிடம் ஒரு முறை விளக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு நேரே கோயிலுக்குப் போய்விட்டாள்.

3

எங்கள் குடும்பத்துக்குச் சாஸ்தா குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். அங்கே பூப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி சாமி காலடியில் போடுவார்கள். மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டு, அங்கே நிற்கும் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை. கல்யாணம், கடை, கிணறு எல்லாம் எங்களில் இப்படித்தான் முடிவாகின்றன.

போன வருட உத்திரத்துக்கு வடகரைக்காரர்களும் வந்திருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் அக்கா உரக்கக் கேட்டாள். என்ன கேட்டாள் என்பதை மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்து உறுதி செய்துகொண்டேன். மூவரும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார்கள்:

"அய்யா, சுபாவுக்கு இந்த மாப்பிள்ளையே அமைஞ்சு, என் தம்பியும் கார்டு வாங்கிட்டு வந்து தாய்மாமனா நின்னு இந்தக் கல்யாணம் நடக்கும்னா, வெள்ளைப் பூவக் குடு."

வெள்ளைப் பூ வந்தது. முத்துவின் அம்மா அழுதேவிட்டார்களாம். அக்காவும் அழுதாள். குலவை போட்டார்கள். எனக்கு வீடியோவில் காட்டினார்கள். நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன்.

மறுநாள் பேருந்தில் வேலைக்குப் போகும்போதுதான் பழைய புத்தி வேலை செய்தது. அந்த வாசகத்தில் இரண்டு பிழைகள். ஒன்று, இரண்டு செய்திகளை ஒரே வாக்கியத்தில் கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை அமைவது ஒரு செய்தி, நான் வருவது இன்னொரு செய்தி. இரண்டாவது, எப்போது என்பது இல்லை.

கூப்பிட்டுச் சொன்னேன்.

"எப்பன்னு கேக்கலியாக்கா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"விட்டுட்டேம்லே" என்றாள்.

"சரி, இன்னொரு தடவை போய்க் கேட்டுரு."

"குடுத்த உத்தரவத் திரும்பக் கேட்டா, நம்பலைன்னு ஆயிராதா? ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டாரு. அவரு வாசல்ல போய் நின்னுக்கிட்டு வருவியா, வருவியான்னு கேட்டா அவருக்கு எப்படி இருக்கும்?"

"அப்ப நான் இல்லாம நடத்திருங்க."

"நீ இல்லாம நடத்துனா, வந்த பூவு இந்தக் கல்யாணத்துக்கு வந்ததா எப்படிலே ஆகும்? அது நீ நிக்குற கல்யாணத்துக்குல்லா வந்துருக்கு?"

வடகரைக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் கண்ணால் பார்த்த பூ அது.

4

விரைந்து பரிசீலிக்க வேண்டினால் தக்க காரணம் சொல்லலாம் என்று கேள்விப்பட்டு, உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். மிகவும் கனிவானவர்.

கல்யாணம் என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, என்னுடைய கல்யாணமா என்று கேட்டார். இல்லை என்றேன். மகளுடையதா? இல்லை, அக்கா மகளுடையது. அந்தக் கல்யாணத்தில் என் பங்கு என்ன என்று கேட்டார்.

தாய்மாமன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும். அந்த மொழியில் எல்லோரும் அங்கிள்தான். அடுத்த வீட்டுக்காரரும் அங்கிள், காய்கறிக் கடைக்காரரும் அங்கிள். நான் அம்மாவின் தம்பி என்றேன். மணமேடைக்கு மாலை போட்டு அழைத்துப் போவது நான், நெற்றியில் பட்டம் கட்டுவது நான் என்றேன். நெற்றியில் எதைக் கட்டுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நான் இல்லாவிட்டால் சட்டப்படி கல்யாணம் செல்லாதா என்று அடுத்த கேள்வி. செல்லும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பதினான்கு ஆண்டுப் பத்திரிகைப் பழக்கம், பொய் வரவில்லை. அப்படியானால் இது அவசரக் காரணம் ஆகாது என்று வருத்தம் தெரிவித்தார்.

பூ விஷயத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் கோப்பு வேறு துறைக்குப் போயிருக்கும்.

நான் பேசியதை எல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என் மகள் நிலா. வயது பதிமூன்று. நான்கு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அந்த வாரம் அத்தை வீடியோவில் வந்தபோது, அவளே ஒரு யோசனை சொன்னாள்.

"அத்தை, சாமி யெஸ் ஆர் நோதானே சொல்லும்? அப்ப கார்டு தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க. முன்னாடின்னா, அதுல பாதி. திரும்ப அதுல பாதி. இப்படியே போனா ஒன்பது தடவையில கரெக்ட்டா டேட் வந்துரும். ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான் தேவை. கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

அக்கா முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, சாமிய என்ன ஸ்டேசன்ல ஒக்கார வச்சு விசாரிக்கச் சொல்லுதியா? லேய், பிள்ளைய என்னலே வளத்து வச்சிருக்க?"

திட்டு எனக்கு வந்தது. எப்போதும் அப்படித்தான். நிலா தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். உப்பு, புளி, விலைவாசி எல்லாம் பேசினாள். வைக்கும் முன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஒம்பது தடவைதானா?"

"ஆமா."

"ச்சீ, வேண்டாம்லே. சும்மா கேட்டேன்."

5

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் வழியில் அத்தானுக்கு ஒரு கடை. துண்டு, குளிக்கும் எண்ணெய், நேந்திரம் சிப்ஸ். வருடம் முழுக்க அவருக்கு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான்: தண்ணி விழுதா? மதுரையிலிருந்து கேட்பார்கள், சென்னையிலிருந்து கேட்பார்கள். என்றோ ஒரு நாள் சிப்ஸ் வாங்கியவர்கள் பையில் இருந்த எண்ணைப் பார்த்துக் கேட்பார்கள்.

தேதி இல்லாத ஒன்றை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர், பொறுமையில் பழுத்திருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருந்தேன். என் அத்தானைப் போல் பொறுமை இல்லாத மனிதர் தென்காசி மாவட்டத்தில் இருப்பாரா என்பது சந்தேகம். வைகாசி பாதியிலேயே ஆரம்பித்துவிடுவார். கடையைவிட்டு இறங்கி நடுரோட்டில் நின்று மலையைப் பார்ப்பார். உள்ளே போவார். கல்லாவில் உட்காருவார். மறுபடி இறங்கி வருவார். போனில் நான்கு வானிலைச் செயலிகள் வைத்திருக்கிறார். நான்கும் நான்கு விதமாகச் சொல்லும். ஐந்தாவதாக ஒன்றை இறக்கி அதை நம்புவார். அது பொய்த்ததும் அழித்துவிடுவார்.

"இந்த மனுசனையும் மழையையும் வச்சிக்கிட்டு நான் படுத பாடு" என்பாள் அக்கா.

ஆனால் ஒன்று. அவர் நடுரோட்டில் நின்று புலம்பிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், கடைப் பின்கட்டில் துண்டு மூட்டைகள் வந்து இறங்கிவிடும். எண்ணெய் டின்கள் அடுக்கியாகிவிடும். வாய் நம்பாது, கை நம்பும். ஒரு சொட்டு விழாத அருவிக்குச் சரக்கு எடுத்து வைக்கும் அந்தக் காரியத்தை அவர் ஒருநாளும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டால், "பொறகு மழை வந்த அன்னைக்கா ஈரோட்டுக்குப் போய்ட்டு நிக்கச் சொல்லுத?" என்று எரிந்து விழுவார்.

இந்த வருடம் எங்கள் உரையாடல் மிகவும் சுருங்கிவிட்டது.

"மாப்ள, கார்டு?"

"இல்ல அத்தான். தண்ணி?"

"இல்ல."

வைத்துவிடுவோம். இதைவிடச் சிக்கனமான செய்தியை நான் பணிபுரிந்த நாளிதழ் ஒருநாளும் வெளியிட்டதில்லை.

இதற்கிடையில் மாப்பிள்ளை முத்து வேறொரு பாதையில் போய்விட்டார். தென்காசியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். வாய் திறந்து பேசாத பையன் என்று பெயர். என் விண்ணப்ப எண்ணை வாங்கித் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் போன்ற விண்ணப்பதாரர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டார். அங்கே அவரும் விண்ணப்பித்தவர் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். லூதியானாக்காரர் ஒருவருக்கு எந்தச் சான்றிதழ் காலாவதி ஆகிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். அது சரியாக இருந்திருக்கிறது. அதிலிருந்து மணிலாவிலிருந்தும் லாகோஸிலிருந்தும் இவரிடம் சந்தேகம் கேட்கிறார்கள். ஒரு கையில் செப்புக் கம்பி, மறு கையில் கனடா. பாஸ்போர்ட்கூட எடுக்காதவர்.

"மாமா, உங்களுக்குப் பொறவு போட்ட ஒருத்தருக்கு வந்துட்டு" என்று எனக்கு அனுப்புவார். தொடர்ந்து, "கவலப்படாதீங்க, அவருக்குப் பிள்ளைங்க இல்ல, அதான் சீக்கிரம்" என்றும் அனுப்புவார்.

6

நிலாதான் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, எல்லாரும் சாமிகிட்ட கேட்டாங்க, ஆபீஸ்ல கேட்டாங்க. சுபா அக்காகிட்ட யாராவது கேட்டாங்களா?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நிலாவோ, இவளுக்கு நம் பழக்கம் எதுவும் ஒட்டவில்லையே என்று நான் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருந்த பிள்ளை. அன்று நள்ளிரவு தாண்டும்வரை விழித்திருந்து சுபாவைக் கூப்பிட்டேன். அவள் தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மதிய இடைவேளை, மாடிக்கு வந்து பேசினாள்.

என்னால்தான் எல்லாம் தாமதம் என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? நிச்சயம் முடிஞ்சதும் அவங்க எனக்குப் போன் போட்டாங்க. சாப்ட்டாச்சான்னு கேட்டாங்க. சாப்ட்டாச்சுன்னேன். வச்சிட்டாங்க. மறுநாளும் அதே. நாலாவது நாளு எனக்குப் பயமே வந்துட்டு, காலம்பூரா இதுதானா இவருன்னு. பொறவுதான் உங்க ஃபைலு வந்துது. மாமாவுக்கு இன்னைக்கு என்ன போட்டிருக்கான் தெரியுமான்னு ஆரம்பிப்பாங்க. அப்படியே லாகோஸ் கதை, லூதியானா கதை, அவங்க கடைக் கதை. இப்ப ஒரு மணி நேரம் பேசுதாங்க மாமா. அப்பவே தாலி கட்டியிருந்தா, சாப்ட்டாச்சாவோட நின்னுருக்கும்."

இப்படி ஒரு கோணம் என் கணக்கிலேயே இல்லை. ஒரு வருடமாக எதுவும் நகரவில்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், நடக்க வேண்டிய ஒன்று நடந்துகொண்டே இருந்திருக்கிறது. என் கோப்பு மட்டும்தான் நின்ற இடத்தில் நின்றிருக்கிறது.

"ஆனா மாமா" என்றாள். குரல் இறங்கியது. "காத்துக் கெடக்கது வேற, தொங்கிக்கிட்டுக் கெடக்கது வேற. லேப்ல தெனமும் ஒருத்தி கேக்கா, எப்பன்னு. அவங்க அம்மாவ விசேஷ வீட்டுல எல்லாரும் கேக்காங்க. பாவம், அந்த அம்மா வாடிப் போய்ட்டாங்க. எனக்கு நாளைக்கே வேண்டாம். தேதின்னு ஒண்ணு வேணும். அம்மாட்ட நீங்கதான் சொல்லணும்."

அக்காவை உடனே கூப்பிட்டேன். வாதாடப் போகிறேன் என்று தெரிந்ததும் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அத்தான் சாட்சி.

"அக்கா, நீ எப்பன்னு கேக்க மறந்தேல்லா?"

"அத ஏன் திரும்பக் கிண்டுத?"

"மறந்ததுனால சாமி அதுக்குப் பதில் சொல்லல. சொல்லலைன்னா என்ன அர்த்தம்? அத நம்மகிட்ட விட்டிருக்கு. வருவான்னு சொன்னது அது பொறுப்பு. தேதி வைக்கது நம்ம பொறுப்பு. நாம வைக்காம அது என்னத்தப் பண்ணும்?"

முதலில் வாயைத் திறந்தவர் அத்தான்.

"ஏளா, அவன் சொல்லுதது சரிதான். துண்டு எடுத்து வச்சாத்தான் மழை. மழை வரட்டும் துண்டு எடுக்கேன்னா கடை நடக்குமா?"

"நீரு பேசாதேயும். தெனமும் நடுரோட்டுல நின்னு வானத்த வையுத ஆளு."

"வைவேன். ஆனா துண்டு எடுத்துட்டேன்லா?"

அன்று மாலையே வடகரைக்காரர்களிடம் பேசினார்கள். ஆவணியில் ஒரு முகூர்த்தம். குற்றாலத்தில் மண்டபம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயராக என் பெயர், மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. "வந்துருவான்" என்றாளாம் அக்கா. வடகரை அண்ணாச்சி, "வராம எங்க போவாரு" என்றாராம். அட்டை வந்திருக்கவில்லை. பரிசீலனை பரிசீலனையாகவே இருந்தது.

7

இரண்டு நாள் கழித்து முத்துவிடமிருந்து செய்தி. எப்போதும் குட்டியாக எழுதுகிறவர், இந்த முறை ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்திருந்தார். என் நிலை மாறிவிட்டது. கூடுதல் ஆவணம் தேவை என்று போட்டிருக்கிறார்கள். மின்னஞ்சலைப் பாருங்கள் மாமா, குப்பைப் பெட்டியிலும் பாருங்கள்.

குப்பைப் பெட்டியில்தான் இருந்தது. அட்டையில் அச்சிடப் புதிய புகைப்படம் வேண்டுமாம். பழையது காலாவதி. காத்திருந்ததில் எனக்கு வயதாகிவிட்டது என்பதை அலுவலகமே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. புகைப்படம் கேட்டால் கிணற்றில் முக்கால் தாண்டியாச்சு, அட்டை கையெட்டும் தூரம் என்று முத்து விளக்கினார். லூதியானாக்காரரும் அதை உறுதி செய்தாராம்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. அடுப்பில் பாயசம். "நாம தேதி வச்ச பொறவுதான் அங்கன அசைஞ்சிருக்கு."

மின்னஞ்சலில் இருந்த தேதியைப் பார்த்தேன். தேதி குறிப்பதற்கு முந்தின நாள் அது. ஒரு துணை ஆசிரியருக்கு எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வாய்வரை வந்த அந்த வரியை வெட்டினேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். இங்கே அவர்களே ஒரு மூலையில் வெள்ளைத் திரை கட்டிப் படம் எடுக்கிறார்கள். எடுத்த பெண் வியட்நாம்காரர். விதியைச் சொன்னார்: சிரிக்கக் கூடாது. பல் தெரியக் கூடாது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது. நான் ஒரு வருடமாகக் காட்டிக்கொண்டிருந்த முகம்தான் அது. சுலபம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது. அத்தான்.

"மாப்ள, காத்து மாறிட்டு. செங்கோட்டைப் பக்கமிருந்து சிலுசிலுன்னு வருது. மலையில மேகம் எறங்குது. இன்னும் விழல. ஆனா மாறிட்டு. கார்டு?"

"இன்னும் இல்ல அத்தான். படம் எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"நல்லா எடு. பிள்ளைக்குப் பட்டம் கட்டப் போற மூஞ்சி."

வைத்தேன். அந்தப் பெண் கேமராவைத் தூக்கினார். எடுத்தார், பார்த்தார், அழித்தார். மறுபடி எடுத்தார், அழித்தார். சிரிக்காதீர்கள் ஐயா என்றார் தன் ஆங்கிலத்தில். நான் சிரிக்கவில்லை என்றேன் என் ஆங்கிலத்தில். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அப்பா, சோகமா ஏதாவது நினைங்க" என்றாள் நிலா.

நினைத்துப் பார்த்தேன். உதவி எண்ணின் இசையை நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தேன். எழுத்து ஏதும் மாறலையா என்று கேட்கும் குரலை நினைத்தேன். அங்கேதான் மறுபடியும் கெட்டது. அந்தப் பெண் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, நான் சிரித்து முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.